கப்பல் இல்லாத ஏற்றுமதி: எல்யூடி முதல் ரீஃபண்டு வரை

சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் ஏறினால் அதற்கு ஷிப்பிங் பில் உண்டு. சரக்கு நாட்டை விட்டுப் போனதற்குச் சுங்கத் துறையே சாட்சி. துரைப்பாக்கத்தில் ஓர் அறையிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் மென்பொருளுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. அது எல்லை தாண்டியது என்பதை ஜிஎஸ்டி சட்டம் இரண்டு காகிதங்களைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறது. ஒன்று உங்கள் இன்வாய்ஸ், மற்றது வங்கி தரும் பணவரவுச் சான்று. "ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தானே, அப்புறம் எதற்கு இத்தனை ரிட்டர்ன்?" என்று கேட்பவர்கள் இதை முதலில் புரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும். வரி பூஜ்யம்தான். அது பூஜ்யம் என்று நிரூபிக்கிற வேலைதான் நம் தலையில்.

முதலில், பதிவு வேண்டுமா? தமிழ்நாட்டில் சேவை தருபவருக்கு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். வெளிநாட்டு வருமானமும் இதில் அடக்கம். வரி விலக்கு உள்ள வீட்டு வாடகை வந்தால் அதுவும் அடக்கம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு என்று இன்னமும் சொல்கிறார்கள். சேவைகளைப் பொறுத்தவரை 2017 அக்டோபர் 13 அன்று வந்த அறிவிக்கை அதை நீக்கிவிட்டது. 20 லட்சத்துக்குள் இருந்து, செலவில் பெரிதாக ஜிஎஸ்டி எதுவும் போகவில்லை என்றால் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது. பதிவு செய்துவிட்டு வருமானமே இல்லாத மாதத்தில் ரிட்டர்னை மறந்தாலும் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும்.

பதிவு விண்ணப்பம் ஆன்லைனில் அரை மணி நேர வேலை. சிக்குவது முகவரியில். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஈபி பில்லில் பழைய எண்ணும் மாநகராட்சி சொத்து வரி ரசீதில் புதிய எண்ணும் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டில் ஏதோ ஒன்றும் இருக்கும். போர்ட்டலில் நீங்கள் அடித்த முகவரி இவற்றில் ஒன்றோடு ஒத்துப்போகாவிட்டால் ஆர்இஜி-03 என்ற கேள்விக் கடிதம் வரும். ஏழு வேலை நாளுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஆகவே முகவரிக் கட்டத்திலேயே "பழைய எண் 12, புதிய எண் 27" என்று இரண்டையும் போட்டுவிடுங்கள். ஒப்பந்தம் எழுதும்போதும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது ஈபி பில் தாத்தா பெயரில் இருப்பது. பெற்றோர் வீட்டில் இருந்து வேலை செய்பவர் என்றால், தற்போதைய உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு அவர் பெயரிலேயே உள்ள சொத்து வரி ரசீதை வையுங்கள்; ஈபி பில்லைத் தொடவே வேண்டாம். வாடகை வீடு என்றால் ஒப்பந்தமும், உரிமையாளரின் உடைமையைக் காட்டும் ஏதாவது ஓர் ஆவணமும் போதும். 2025 ஏப்ரல் 17 தேதியிட்ட மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் அறிவுறுத்தல் எண் 03/2025 இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதன் பட்டியலில் இல்லாததை அதிகாரி கேட்டால் பதிலில் அந்த எண்ணைக் குறிப்பிடலாம். வீட்டு உரிமையாளர்தான் பெரும்பாலும் தயங்குவார். ஜிஎஸ்டி என்றதும் மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயம். குடிவரும்போதே பேசிவைத்துக்கொள்வது உத்தமம்.

பதிவு கிடைத்ததும் சான்றிதழில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். உங்கள் கோப்பு மாநில வணிகவரித் துறையிடமா, மத்திய ஜிஎஸ்டி ஆணையரகத்திடமா? பிறகு, செலவுகளில் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற ரீஃபண்டு கேட்கும்போது பேச வேண்டியது அவர்களிடம்தான். சேப்பாக்கம் எழிலகத்துக்குப் போக வேண்டியவர் நுங்கம்பாக்கத்தில் போய் நின்று பயனில்லை.

இனி, நீங்கள் செய்வது உண்மையிலேயே ஏற்றுமதியா? ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 2(6) பிரிவு ஐந்து நிபந்தனை வைக்கிறது. தருபவர் இந்தியாவில், பெறுபவர் வெளிநாட்டில், சேவை வழங்கிய இடமாகச் சட்டம் கருதுவது வெளிநாடு, பணம் அந்நியச் செலாவணியில் அல்லது ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயில், இருவரும் ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளாக இருக்கக் கூடாது. மூன்றாவதில்தான் வம்பு. கிண்டியில் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டு மென்பொருள் நிறுவனத்துக்கு இந்திய வாடிக்கையாளர்களைப் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்கினால் நீங்கள் இடைத்தரகர். 13(8)(b) விதி அமலில் உள்ள காலத்துக்கு, சேவை நடந்த இடம் சென்னை. டாலரில் பணம் வந்தாலும் 18% வரி. இந்த விதியை நீக்கும்படி 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. உங்கள் இன்வாய்ஸ் தேதியில் எது அமலில் இருந்ததோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும். வெளிநாட்டு நிறுவனம் எடுத்த வேலையைத் துணை ஒப்பந்தத்தில் நீங்களே செய்து தருவது இடைத்தரகு ஆகாது என்று 2021ஆம் ஆண்டின் 159ஆம் சுற்றறிக்கை விளக்கிவிட்டது. ஒப்பந்தத்தில் "ஏஜென்ட்", "சார்பாக" போன்ற சொற்கள் தேவையில்லாமல் வந்தால் கையெழுத்துக்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள்.

யூடியூப்காரர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை. பணம் தருவது கூகுளின் சிங்கப்பூர் நிறுவனம் என்பதால் இந்திய ஜிஎஸ்டி அதை ஏற்றுமதியாகப் பார்க்கிறது. ஆனால் அமெரிக்க வருமான வரித் துறை பார்ப்பது, வீடியோவை எந்த நாட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதை. நியூஜெர்சித் தமிழர்கள் பார்த்த பங்குக்கு, இரு நாட்டு ஒப்பந்தப்படி 15% பிடிப்பார்கள். வெளிநாட்டவர் தரும் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் உலகம் முழுக்க வந்த வருமானத்திலும் 24% வரை பிடிக்கலாம். ஒரே வருமானம், இரண்டு அரசுகள், "எங்கே நடந்தது" என்பதற்கு இரண்டு பதில்கள்.

வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதம் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தர வேண்டியது. படிவம் ஆர்எஃப்டி-11. போர்ட்டலில் "யூசர் சர்வீசஸ்" பகுதியில் இருக்கிறது. ஆண்டைத் தேர்ந்தெடுத்து, மூன்று உறுதிமொழிகளை டிக் செய்து, இரண்டு சாட்சிகளின் பெயர், தொழில், முகவரி கொடுத்து, ஓடிபி மூலம் கையொப்பமிட்டால் ஏஆர்என் என்ற விண்ணப்பக் குறிப்பு எண் வந்துவிடும். கட்டணம் இல்லை. அந்த எண் வந்தாலே ஏற்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை 40. அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அனுப்பிய பின் திருத்த முடியாது, அதனால் ஆண்டை இரண்டு முறை பாருங்கள். மார்ச் கடைசியில் அவசரத்தில் நடப்பு ஆண்டுக்கே இன்னொன்று போட்டுவிட்டு, ஏப்ரல் இன்வாய்ஸ்களை எல்யூடி இல்லாமல் அனுப்புகிறவர்கள் உண்டு. மறந்துபோய் ஜூனில் நினைவு வந்தால் பதற வேண்டாம். தாமதத்தை மன்னித்து முன்தேதியிட்டு ஏற்கலாம் என்று சுற்றறிக்கை 37 அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. உடனே எல்யூடி போட்டுவிட்டு, காரணத்தை ஒரு கடிதமாக எழுதிக் கோப்பில் வையுங்கள்.

எல்யூடியில் நீங்கள் தரும் வாக்குறுதி என்ன என்பதையும் படித்துவிடுங்கள். சேவைக்கான பணம் இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓராண்டு, அல்லது அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கும் காலம், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் வரியை வட்டியோடு கட்ட வேண்டும். கிளையண்ட் இழுத்தடித்தால் ஆணையரிடம் கால நீட்டிப்பு கேட்கலாம். பத்தாவது மாதமே கேட்பது நல்லது.

இன்வாய்ஸில் சேவைக் குறியீடு வேண்டும். மென்பொருள் வடிவமைப்பு, உருவாக்கம் என்றால் 998314. வரி செலுத்தாமல் உறுதிமொழிக் கடிதத்தின்பேரில் ஏற்றுமதி என்று விதி 46 தரும் ஆங்கில வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிடுங்கள். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் அட்டவணை 6ஏ, "வரி செலுத்தாமல்" வகை. ஷிப்பிங் பில், துறைமுகக் குறியீடு கட்டங்களைக் காலியாக விடுங்கள். வரிக் கணக்கின் சுருக்க ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியில் அது 3.1(b) வரிசைக்கு வர வேண்டும். 3.1(c), அதாவது விலக்கு பெற்ற விற்பனை வரிசையில் போய்விட்டால், பிறகு ரீஃபண்டு படிவம் உங்கள் ஏற்றுமதியைப் பூஜ்யம் என்று காட்டும். பூஜ்ய வரியும் வரி விலக்கும் பேச்சில் ஒன்றுபோலத் தெரியும். சட்டத்தில் முதலாவதற்கு உள்ளீட்டு வரி, அதாவது தொழிலுக்காக வாங்கியவற்றில் நீங்கள் கட்டிய ஜிஎஸ்டி, திரும்பக் கிடைக்கும், இரண்டாவதற்குக் கிடைக்காது.

வங்கிக் காகிதத்துக்கு வருவோம். பணம் வரும்போது வங்கி நோக்கக் குறியீடு கேட்கும். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802, விளம்பரத்துக்கு பி1007. பேசாமல் விட்டால் கிளை ஊழியர் தோன்றியதைப் போட்டுவிடுவார். குடும்பச் செலவுக்கு அனுப்பிய பணம் என்று ஒரு முறை பதிவானால், அதை ஏற்றுமதி வரவு என்று அதிகாரியிடம் நம்பவைப்பது பெரும்பாடு. ஒவ்வொரு வரவுக்கும் ஃபிரா என்ற வெளிநாட்டுப் பணவரவுச் சான்றை அந்த மாதமே வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கிளைக்குப் போனால் மேனேஜர் மாறியிருப்பார். பேபால் போன்ற வழியில் வந்தால் உங்கள் கணக்கில் ரூபாயில் உள்நாட்டுப் பரிமாற்றமாகத்தான் தெரியும். பாஸ்புக் மட்டும் காட்டினால் "அந்நியச் செலாவணி எங்கே?" என்பார்கள். வெளிநாட்டு நாணயத் தொகையைக் காட்டும் ஃபிராதான் அதற்குப் பதில். ஒரே சான்றில் ஐந்து இன்வாய்ஸ் பணம் சேர்ந்து வந்தால், எது எதற்கு, கமிஷன் எவ்வளவு கழிந்தது என்று ஓர் எக்செல் தாள் போட்டு இணையுங்கள்.

எதிர்த்திசையிலும் வரி உண்டு. வெளிநாட்டு மென்பொருள், சர்வர் வாடகை வாங்கினால், பதிவு பெற்ற நீங்கள் ரிவர்ஸ் சார்ஜ் முறையில், அதாவது விற்றவருக்குப் பதில் வாங்கியவரே கட்டும் முறையில், 18% கட்ட வேண்டும். மாதம் 30,000 ரூபாய்க்குச் சந்தா என்றால் 5,400, ஆண்டுக்கு 64,800. இதை உள்ளீட்டு வரிக் கையிருப்பிலிருந்து கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். 3பியில் 3.1(d)இல் காட்டி, அதே மாதம் 4(A)(2)இல் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். நீங்களே உங்களுக்கு ஓர் இன்வாய்ஸ் எழுதிக்கொள்ளவும் வேண்டும். சந்தா வாங்கிய தளத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். பதியாவிட்டால் அவர்கள் உங்களைச் சாதாரண நுகர்வோர் என்று எண்ணி 18% பிடித்து அரசுக்குக் கட்டிவிடுவார்கள். அந்தப் பணம் உங்களுக்குக் கிரெடிட்டாக வராது. பில்லை இந்தியக் கிளை நிறுவனம் இந்திய ஜிஎஸ்டி எண்ணோடு தந்தால் ரிவர்ஸ் சார்ஜ் பேச்சே இல்லை.

2016 ஜூன் 1 முதல் இணைய விளம்பரத்துக்கு 6% சமன்படுத்தும் வரியும் இருந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தால், கழித்துக் கட்டும் பொறுப்பு விளம்பரம் கொடுத்த தி.நகர் கடைக்காரருக்கு. குறிவைத்தது உலக நிறுவனங்களை, படிவம் நிரப்பியது நம்மூர்க் கடை. மின்வணிகத்துக்கான 2% 2024 ஆகஸ்ட் 1 முதலும், இந்த 6% 2025 ஏப்ரல் 1 முதலும் போய்விட்டன. பழைய ஆண்டுகளுக்கான செலானை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக ரீஃபண்டு, படிவம் ஆர்எஃப்டி-01. பணம் வந்த தேதியிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். முன்பணம் வாங்கியிருந்தால் இன்வாய்ஸ் தேதியிலிருந்து. ஒவ்வொரு வரித் தலைப்பிலும் 1,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் கிடைக்காது என்பதால், சில மாதங்களைச் சேர்த்துப் போடுங்கள். கணக்கு எளிது. காலாண்டில் ஏற்றுமதிப் பணம் 9 லட்சம், உள்நாட்டு வருமானம் 3 லட்சம், உள்ளீட்டு வரி 40,000 என்றால் 9/12 பங்கு, அதாவது 30,000 கேட்கலாம். சேவைக்கு இங்கே எண்ணுவது இன்வாய்ஸ் தொகையை அல்ல, அந்தக் காலத்தில் கையில் வந்த பணத்தை. பலருடைய கணக்கு இடிப்பது இதில்தான். லேப்டாப்புக்குக் கட்டிய ஜிஎஸ்டி மூலதனப் பொருள் என்பதால் இந்த வாய்ப்பாட்டில் சேராது. அதையும் எடுக்க வேண்டுமானால், ஒரு மாத ஏற்றுமதிக்கு எல்யூடியை விட்டு, கையிருப்புக் கிரெடிட்டிலிருந்து 18% கட்டி, அந்த வரியை ரீஃபண்டு கேட்கும் வழி இருக்கிறது.

விண்ணப்பத்தோடு இணைக்கும் ஸ்டேட்மென்ட் 3இல் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எதிரே ஃபிரா எண், தேதி, தொகை வேண்டும். ஏற்றுமதி ரீஃபண்டுக்கு சிஏ சான்றிதழ் தேவையில்லை. 15 நாளுக்குள் ஆர்எஃப்டி-02 ஒப்புகையோ ஆர்எஃப்டி-03 குறைபாட்டுக் கடிதமோ வரும். குறைபாடு வந்தால், விண்ணப்பித்தபோது கையிருப்பிலிருந்து கழிந்த கிரெடிட் திரும்பி வந்துவிடும், ஆனால் பதில் எழுத முடியாது. விண்ணப்பத்தையே புதிதாகப் போட வேண்டும். ஆர்எஃப்டி-08 வந்தால் அது வேறு, 15 நாளில் ஆர்எஃப்டி-09இல் பதில் தர வேண்டிய நோட்டீஸ். இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடுவைத் தவறவிடுகிறார்கள். 60 நாளில் உத்தரவு வர வேண்டும், தாண்டினால் ஆண்டுக்கு 6% வட்டி. அதைக் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். உத்தரவு வந்த பிறகும் பணம் வராமல் நிற்பதற்கு வழக்கமான காரணம், வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமை. பான் அட்டையில் விரித்து எழுதிய அப்பா பெயர் வங்கியில் வெறும் இனிஷியலாக இருக்கும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே போர்ட்டலில் அந்தக் கணக்குக்குச் "சரிபார்க்கப்பட்டது" என்று வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.