பட்டாளத்து ஆசாரி
அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் பயிற்சி எடுத்து 1971 போரையும் பார்த்துவிட்டு வந்தவர், ஆனால் குன்னூரில் எல்லோருக்கும் அவர் ஆசாரிதான், அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. போரைப் பற்றிக் கேட்டால் "குளிருதுடா, அம்மாவ டீ போடச் சொல்லு" என்பார், சரி, பேச்சு முடிந்தது. மரத்தைப் பற்றிக் கேட்டால்தான் வாய் ஓயாது. கோடையில் கச்சிதமாகப் பொருத்திய ஜன்னல் ஆடி மழையில் மரம் உப்பித் திறக்காது என்று, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே பழைய போஸ்ட் கார்டு ஒன்றை விட்டுப் பார்ப்பார், எங்காவது பிடித்தால் மறுபடி இழைப்புளியை எடுத்துவிடுவார். கூலி மட்டும் கேட்கத் தெரியாது (அம்மாவின் தீராத கோபம் அது). அவர் உளிகள் இப்போது என்னிடம். ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் நன்றாகச் சாணை பிடிப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.