1969 செவெல் எஸ்.எஸ். 396: பின் சஸ்பென்ஷனைச் சீரமைத்த அனுபவம்

1969ஆம் ஆண்டு செவர்லே செவெல் எஸ்.எஸ். 396 என்ற அமெரிக்கக் காரை வைத்திருக்கும் எவரும் எஞ்சினில் சக்தி போதவில்லை என்று சொல்லிக் கேட்டதில்லை. என் வண்டியில் இருப்பது அந்த ஆண்டின் அடிப்படை எஞ்சினான எல்35 தான். அதற்கே அன்றைய கணக்குப்படி 325 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 3200 சுற்றில் 410 பவுண்டு-அடி முறுக்குவிசையும் உண்டு. அந்த விசை தரையில் பதிவதில்தான் சிக்கல். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பினால் வலது பின்சக்கரம் சுழன்று புகையும். சற்றுச் சொரசொரப்பான தரையில் டயர் பிடித்துக்கொண்டாலோ, பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சான பின் ஆக்சில் முழுவதும் அடுத்தடுத்துத் துள்ளி, இருக்கைக்கு அடியில் சம்மட்டியால் அடிப்பதுபோல் அதிரும். இந்தத் துள்ளல், எஞ்சின் விசையைப் பின்னுக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டான யு-ஜாயிண்டையும் ஆக்சில் ஷாஃப்டையும் முறித்துவிடக் கூடியது என்பதால் அதை அலட்சியப்படுத்த முடியாது. மிச்சிகனில் குளிர்காலம் வந்தால் சாலையெங்கும் உப்பைத் தூவுவார்கள். பழைய வண்டி எப்படியும் கொட்டகையில்தான் நிற்கும். ஆகவே அந்தக் காலத்தைப் பின் சஸ்பென்ஷனுக்கு ஒதுக்கினேன்.

இந்த வண்டியின் அமைப்பு முதலில் விளங்கினால்தான் செய்த வேலைகளின் வரிசையும் விளங்கும். அக்காலத்து முஸ்டாங், கமாரோ ஆகியவற்றின் பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 'ஏ-பாடி' வரிசையில், அதாவது 1964 முதல் 1972 வரை வந்த செவெல், போன்டியாக் ஜி.டி.ஓ., ஓல்ட்ஸ்மொபில் 442 போன்றவற்றில், சுருள் ஸ்பிரிங்கும், ஆக்சிலைச் சேஸிஸோடு பிணைக்கும் நான்கு ஆர்ம்களும் உள்ளன. கீழ் ஆர்ம்கள் இரண்டும் ஏறத்தாழ நேராக முன்னோக்கிச் செல்கின்றன. மேல் ஆர்ம்கள் இரண்டும், ஆக்சிலின் நடுவே விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் தலையிலுள்ள இரு காதுகளிலிருந்து சேஸிஸை நோக்கி விரிந்து செல்கின்றன. அந்தச் சாய்வுதான் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் காக்கிறது. அதற்கெனத் தனிக் கம்பி கிடையாது. சிக்கனமான, நல்ல வடிவமைப்புதான். ஆனால் ஆர்ம்கள் தகட்டை மடித்துச் செய்த திறந்த வாய்க்கால் வடிவத்தில் இருப்பதும், அவற்றின் முனைகளில் அதிர்வைத் தாங்கும் உருளைத் திண்டுகளான மென்மையான ரப்பர் புஷ்கள் இருப்பதும், குடும்பத்தோடு சொகுசாகப் பயணம் போவதை மனத்தில் வைத்து எடுக்கப்பட்ட முடிவுகள்.

அந்த ரப்பர் தாங்கவேண்டிய விசையைக் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். என் வண்டியின் தானியங்கி கியர்பாக்ஸான டர்போ-ஹைட்ராமேட்டிக் 400இன் முதல் கியர் விகிதம் 2.48. எஞ்சினின் 410 பவுண்டு-அடி டிரைவ் ஷாஃப்டுக்கு வரும்போது ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. என் வண்டியின் ஆக்சில் விகிதமான 3.31ஆல் பெருக்கினால் சக்கரங்களில் சுமார் 3360 பவுண்டு-அடி. டார்க் கன்வர்ட்டர் கூட்டித் தருவதை இதில் சேர்க்கவில்லை. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அதே அளவு விசை ஆக்சில் கூட்டை எதிர்த்திசையில் புரட்டி, டிரைவ் ஷாஃப்ட் வந்து இணையும் பினியன் மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. மேல் ஆர்ம்கள் பின்னோக்கி இழுபடுகின்றன. கீழ் ஆர்ம்கள் முன்னோக்கி நசுக்கப்படுகின்றன. ரப்பர் நசுங்கி, கூடு முறுக்கேறி, ஒரு கட்டத்தில் டயர் பிடியை விட, முறுக்கேறிய கூடு திரும்பிக்கொள்கிறது. உடனே டயர் மீண்டும் பிடிக்கிறது, மீண்டும் முறுக்கேறுகிறது. துள்ளல் என்பது இந்தச் சுழற்சிதான்.

எனவே முதலில் செய்தது புஷ்களையும் ஆர்ம்களையும் மாற்றியது. கீழ் ஆர்ம்களுக்குப் பதிலாக நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவ எஃகு ஆர்ம்களையும், மேலே நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆர்ம்களையும் வாங்கினேன். ஐம்பது ஆண்டு உப்பைக் கண்ட போல்ட்டுகள் புஷ்களின் உட்குழலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தன. துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவைத்தும் சிலவற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆர்ம்களைக் கழற்றும்போது ஆக்சில் கீழே தொங்கிவிடும் என்பதால், பிரேக் ஹோஸ் இழுபடாதபடி அதன் அடியில் தனி ஜாக் கொடுத்துத் தாங்க வேண்டும்; சேஸிஸ் ஸ்டாண்டின் மேல் உறுதியாக அமர்ந்திருப்பதைத் தள்ளிப் பார்த்த பிறகே வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் கூட்டின் மேலுள்ள காதுகளில் இருக்கும் புஷ்களை மாற்றுவது இந்த வேலையிலேயே மிகவும் பொறுமை கோரும் பகுதி. காதுகள் வார்ப்பிரும்பால் ஆனவை. சுத்தியலால் அடித்தால் விரிசல் விட்டுவிடும், விரிசல் விட்டால் கூட்டையே மாற்ற வேண்டியதுதான். நீண்ட மரைத் தண்டு, தடித்த வாஷர்கள், புஷ்ஷின் அளவுக்கு ஏற்ற குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கொண்டு மெதுவாக இழுத்து வெளியேற்றுவதே பாதுகாப்பான வழி. இங்கே எதைப் போடுவது என்பதிலும் யோசனை தேவைப்பட்டது. எல்லா இடத்திலும் பாலியூரித்தேன் போட்டுவிடுவது வழக்கமான ஆசை. ஆனால் மேல் ஆர்ம்கள் சாய்ந்திருப்பதால், ஒரு சக்கரம் மட்டும் மேலேறும்போது இந்தப் புஷ்கள் சுழல்வதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் வளைந்து கொடுக்க வேண்டும். பாலியூரித்தேன் அதற்கு இடம் தராது. சஸ்பென்ஷன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கீழ் ஆர்ம்களிலும் மேல் ஆர்ம்களின் சேஸிஸ் முனையிலும் பாலியூரித்தேனும், காதுகளில் தரமான புதிய ரப்பரும் என்று முடிவு செய்தேன். பந்தய வண்டியானால் காதுகளில் கோள மூட்டு போடலாம். சாலையில் ஓடும் வண்டிக்கு அதன் சத்தமும் தேய்மானமும் வேண்டாம் என்பது என் கருத்து. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் இருந்து சீக்கிரமே கிழிந்துவிடும்.

இத்துடன், மேல் ஆர்மின் சேஸிஸ் முனையையும் கீழ் ஆர்மின் சேஸிஸ் முனையையும் இணைக்கும் தாங்கு கம்பிகள் இரண்டைப் பொருத்தினேன். மேலே இழுவிசையும் கீழே அழுத்தவிசையும் தாக்கும் அந்த இரு இடங்களையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டால், அவற்றுக்கு இடையிலுள்ள சேஸிஸ் நெளிவது குறைகிறது. விலை குறைவு, வெல்டிங் தேவையில்லை.

பனி கரைந்து, மழை சாலையிலிருந்த உப்பைக் கழுவிய பின் ஓட்டிப் பார்த்ததில் துள்ளல் அறவே நின்றுவிட்டது. ஆனால் வலது சக்கரம் இடதைவிட முன்னதாகவே பிடி விடுவது தொடர்ந்தது. இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழலவைக்கும் பாசிட்ராக்ஷன் டிஃபரன்ஷியலின் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்குமோ என்று, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டார்க் ரெஞ்சால் திருப்பிப் பார்த்தேன். அது நன்றாகவே இறுகிப் பிடித்தது. காரணம் வேறு இடத்தில் இருந்தது.

டிரைவ் ஷாஃப்டில் வரும் ஆயிரம் பவுண்டு-அடி, பினியன் வழியாக ஆக்சில் கூட்டையே ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை: இடது சக்கரம் தரையில் அழுந்துகிறது, வலது சக்கரத்தின் சுமை குறைகிறது. சக்கரங்களுக்கு இடையே சுமார் 5 அடி அகலம் என்று கொண்டால், வலது சக்கரம் இழப்பது 200 பவுண்டு அளவில் வரும். இதே விசையின் எதிர்வினை எஞ்சின் மவுண்ட்டுகள் வழியாகச் சேஸிஸுக்குச் சென்று, உடலை வலப்புறம் சாய்க்கிறது. இந்தச் சாய்வைப் பின் ஸ்பிரிங்குகளும், உடல் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பியான ஸ்வே பாரும் எந்த அளவுக்குத் தடுக்கின்றனவோ அந்த அளவுக்கு வலது பின்சக்கரத்துக்கு இழந்த சுமை திரும்பி வருகிறது. முன்புறம் தடுக்கும் பங்கு பின்சக்கரத்துக்கு உதவுவதில்லை. என் வண்டியில் முன்னால் தடித்த ஸ்வே பார் இருந்தது. பின்னால் எதுவுமே இல்லை. அதாவது பெரும்பங்கு முன்புறத்திலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

இதற்கு, நேர்த்தடத்தில் ஓடும் டிராக் பந்தயக்காரர்களின் பழைய மருந்து, வலது பின் ஸ்பிரிங்கின் உள்ளே காற்றுப் பை வைத்து ஊதிவிடுவது. அது பலன் தரும். ஆனால் எஞ்சின் விசை வந்து போகிறது, பையின் அழுத்தமோ எப்போதும் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் திருப்பத்திலும் நான்கு சக்கரங்களின் சுமை கோணலாகவே இருக்கும். பின் ஸ்வே பார், உடல் சாயும்போது மட்டும் வேலை செய்கிறது என்பதால் அதையே தேர்ந்தேன். கீழ் ஆர்ம்கள் இரண்டையும் இணைக்கும் தடித்த பார் ஒன்றை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது எந்தப் பக்கமும் முறுக்கு இல்லாதபடி மெல்லிய தகடு (ஷிம்) வைத்துப் பொருத்தினேன். இந்தப் பார் ஆர்ம்களையும் முறுக்குவதால், பெட்டி வடிவ ஆர்ம்கள் இல்லாமல் இதைப் போடுவது சரியன்று. பின்புறம் விறைப்பாவதால் ஈரச் சாலையில் திருப்பங்களில் பின்பகுதி வழுக்கும் போக்கு கூடுகிறது. அதை ஏற்றுக்கொண்டுதான் போட்டேன்.

அடுத்தது ஆர்ம்களின் கோணம். இதைப் பற்றி உலவும் பேச்சில் பாதி தவறு. வண்டி பாயும்போது முன்னிருந்து பின்னுக்கு எவ்வளவு சுமை மாறும் என்பதை எடை, புவிஈர்ப்பு மையத்தின் உயரம், முன்பின் சக்கர இடைவெளி, வேக வளர்ச்சி ஆகிய நான்கும் தீர்மானிக்கின்றன. 112 அங்குல இடைவெளியும் சுமார் 3700 பவுண்டு எடையும் உள்ள இந்த வண்டி புவிஈர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குப் பாய்ந்தால், ஏறக்குறைய 350 பவுண்டு பின்னால் வரும். எந்த ஆர்மைப் போட்டாலும் இது பெரிதாக மாறாது. பின்பகுதி தாழ்வதைப் பார்த்து எடை நன்றாக மாறுகிறது என்று மகிழ்வதும் இதனால் பொருளற்றது. ஆர்ம்களின் கோணம் மாற்றுவது அந்தச் சுமை டயரை அடையும் வழியையும் வேகத்தையும்தான். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மேல், கீழ் ஆர்ம்களின் கோடுகளை முன்னோக்கி நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளி தாழ்ந்து வெகு தொலைவில் இருந்தால், சுமை ஸ்பிரிங் அமுங்கும் வரை காத்திருந்து வருகிறது; உயர்ந்து அருகில் இருந்தால், ஆர்ம்கள் வழியாக உடனே டயரை அழுத்துகிறது.

இதற்காகக் காதுகளின் மேல் உயர்த்தும் பிராக்கெட்டுகளைப் பொருத்தினேன். மேல் ஆர்மின் பின்முனை உயர, சந்திக்கும் புள்ளி பின்னுக்கு நகர்ந்து அருகில் வந்தது. அளவு கூடினாலும் தொல்லைதான்: பின்பகுதி சட்டென்று எழும்பி, டயரை ஒரு கணம் அழுத்திவிட்டு, அடுத்த கணம் விட்டுவிடும், கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போதும் துள்ளல் தலைகாட்டும். ஷாக் அப்சார்பரின் நீளும் பக்கத்தை இறுக்கி இதைக் கட்டுப்படுத்தலாம் என்பதால், அளவை மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர்களையே பின்னால் போட்டிருக்கிறேன்.

மேல் ஆர்மின் முனையை உயர்த்தியதும் பினியனின் கோணம் மாறிவிடுகிறது. நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் வாங்கியதன் பயன் இங்கேதான். கோணமானியை வைத்து அளந்து, டிரைவ் ஷாஃப்டோடு ஒப்பிட்டால் பினியன் மூக்கு 2 பாகை தாழ்ந்திருக்கும்படி வைத்தேன். விசை வரும்போது புஷ்கள் நசுங்கி மூக்கு அந்த அளவு எழும்பும் என்பது கணக்கு. இரு மேல் ஆர்ம்களையும் ஒரே அளவுக்குத் திருப்ப வேண்டும்.

டயரைக் கடைசியில்தான் மாற்றினேன். முதலிலேயே நல்ல டயர் போட்டிருந்தால் பிடிமானம் கூடி, துள்ளல் இன்னும் கடுமையாகி, ஏதாவது முறிந்திருக்கும். இப்போது 15 அங்குல வீலில் 275/60 அளவு டிராக் ரேடியல், அதாவது டிராக் பந்தயத்துக்கான ரேடியல் டயர், இருக்கிறது. காற்றைப் பந்தயத் தடத்தில் மட்டும் 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குகிறேன்.

கால் மைல் தடத்தில் முதல் 60 அடியைக் கடக்க முன்பு 2.2 வினாடி ஆனது, இப்போது 1.9 வினாடிக்குச் சற்று மேலே நிற்கிறது. இந்த வித்தியாசத்தில் டயருக்கும் பெரும்பங்கு உண்டு. ஆர்ம்களுக்கும் ஸ்வே பாருக்கும் உரிய பங்கு, பழைய டயரிலேயே தரையில் ஏறத்தாழ ஒரே நீளத்தில் பதிந்த இரு கறுப்புக் கோடுகளில் தெரிந்தது. பாலியூரித்தேன் புஷ்கள் குளிர்ந்த காலைகளில் கிறீச்சிடுகின்றன. கிரீஸ் நிப்பிள் வழியாக அவ்வப்போது கிரீஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது. முன் ஸ்வே பாரின் இணைப்பைத் தடத்தில் மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது அடுத்த வேலை. பின்புறத்தின் பங்கு இன்னும் கூடினால் வலது சக்கரத்துக்கு எவ்வளவு சுமை திரும்புகிறது என்பதை அதில் பார்க்கலாம்.