மைக் ஆஃப் என்று நினைத்துப் பாடியவன்

போன வாரம் முழுக்க ராத்திரியில் 1930கள் காலத்து ரேடியோ படங்களாகப் பார்த்துத் தீர்த்தேன். ரேடியோ நிலையத்துக்குள்ளேயே நடக்கிற பாட்டும் கூத்துமான படங்கள், ஹாலிவுட்டில் அந்தப் பத்து வருஷத்தில் வரிசையாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மியூசிகல் படங்களில் எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம், பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று ஏன் பாட ஆரம்பிக்கிறான் என்பது, இங்கே உறுத்துவதே இல்லை. அவன் வேலையே பாடுவதுதான். எதிரே மைக் இருக்கிறது, சுவரில் கடிகாரம் ஓடுகிறது, பாடித்தான் ஆகவேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1937இல் வந்த 'வேக் அப் அண்ட் லிவ்'. நாயகனாக வரும் ஜாக் ஹேலிக்கு மைக்கைக் கண்டாலே உதறல். ஆடிஷனில் வாயைத் திறக்க முடியாமல் சொதப்பிவிட்டு, ரேடியோ நிலையத்திலேயே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற வேலையில் சேருகிறார். பயம் தெளியட்டும் என்று ஒரு மைக் முன்னால் தனியாக நின்று பாடிப் பழகுகிறார், அது ஆஃப் ஆகியிருக்கிறது என்ற தைரியத்தில். அது ஆஃப் ஆகவில்லை. பென் பெர்னியின் ஆர்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியோடு இவர் குரலும் சேர்ந்து காற்றில் போய்விடுகிறது, அப்புறம் யார் அந்தப் பாடகன் என்று எல்லோரும் தேடுகிறார்கள், பாடின ஆளுக்கு மட்டும் விஷயமே தெரியாது. நாயகி ஆலிஸ் ஃபே கண்டுபிடித்துவிடுகிறார். கண்டுபிடித்தவர் அவரிடம் சொல்லாமல், இது சும்மா பயிற்சிக்குத்தான் என்று நம்பவைத்து மறுபடி மறுபடி பாடவைக்கிறார். மைக் ஆன் என்று தெரிந்தால் நடுக்கம், ஆஃப் என்று நினைத்தால் தேன். இந்த ஒரு ஸ்விட்சை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டிவிட்டார்கள்!

பெர்னியும் கிசுகிசு எழுத்தாளர் வால்டர் வின்செல்லும் அவரவராகவே வந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொள்கிறார்கள். ரேடியோவில் இருவரும் நடத்திவந்த விளம்பரச் சண்டைதான் அது, அப்படியே படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

படம் முடிந்த பிறகுதான் எனக்கு அந்த விஷயம் தெரிந்தது. படத்தில் ஹேலி பாடுகிற பாட்டெல்லாம் பட்டி கிளார்க் என்கிற பாடகரின் குரல். யாருடைய குரல் என்று ஊரே தேடுகிற கதையில், குரலுக்குச் சொந்தக்காரர் திரையிலேயே இல்லை! பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த நமக்கு வாயசைப்பு ஒன்றும் புதிதில்லை, ஆனாலும் இந்தக் கதைக்குப் போயா என்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். இத்தனைக்கும் ஹேலி பாடத் தெரியாதவர் இல்லை. 1939இல் 'த விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் தகர மனிதனாக வந்து தன் குரலிலேயே பாடியவர்தான்.

இந்த வரிசையில் முக்கியமானது என்றால் 1932இல் பாரமவுன்ட் எடுத்த 'த பிக் பிராட்காஸ்ட்'. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம், வீட்டில் ரேடியோ இலவசமாகப் பாடுகிறது. 'ஏமாஸ் அண்ட் ஆண்டி' என்கிற ரேடியோ நகைச்சுவைத் தொடர் வருகிற நேரத்தில் கூட்டம் கலையாமல் இருக்க, படத்தை நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டுவிட்ட தியேட்டர்கள் உண்டு. சண்டை போட்டுக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் சினிமாக்காரர்கள் சம்பந்தம் பேசிவிட்டார்கள். கேட் ஸ்மித், பாஸ்வெல் சகோதரிகள், மில்ஸ் பிரதர்ஸ் என்று குரலாக மட்டும் தெரிந்த ஆட்களின் முகத்தைப் பார்க்கவே டிக்கெட் எடுக்கலாம் இல்லையா.

அதில் பிங் கிராஸ்பி நிகழ்ச்சிக்கு நேரத்துக்கு வராத பாடகர். 1931இல் சிபிஎஸ் என்கிற அமெரிக்க ரேடியோ நிறுவனத்தில் நிஜமாகவே அவருடைய முதல் நிகழ்ச்சி தொண்டை சரியில்லாமல் தள்ளிப்போனது, அதைத் தெரிந்தவர்களுக்குப் படத்தில் கூடுதலாக ஒரு சிரிப்பு. கடைசியில் அவர் வராமல் போக, நடிகர் ஸ்டூவர்ட் எர்வின் அவருடைய இசைத்தட்டைத் தேடி ஓடுகிறார் பாருங்கள், பேசும்படத்துக்கு நடுவில் ஒரு ஊமைப்பட நகைச்சுவை. அந்த ஓட்டத்தை மட்டும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். ஜாஸ் பாடகர் கேப் காலோவே வந்ததும் படத்துக்கே கரன்ட் வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அவரும் மில்ஸ் பிரதர்ஸும் பாடிவிட்டுப் போய்விடுவதோடு சரி, கதைக்குள் அவர்களுக்கு வேலையே கிடையாது. கறுப்பினக் கலைஞர்களை அந்தக் காலத்துப் படங்கள் இப்படித்தான் தனித் துண்டாக ஒட்டிவைத்தன. பார்க்கும்போது கசக்கிறது.

1934இல் வந்த 'ட்வென்டி மில்லியன் ஸ்வீட்ஹார்ட்ஸ்' சுமார்தான். டிக் பவலுக்கும் ஜிஞ்சர் ராஜர்ஸுக்கும் காதல், அது வெளியே தெரிந்தால் பெண் ரசிகைகள் போய்விடுவார்கள் என்று ஏஜென்ட்டுக்குக் கவலை. அவ்வளவுதான்.

பிரிட்டனில் எடுத்த 'ரேடியோ பரேட் ஆஃப் 1935' பிபிசியை நேராகவே கிண்டலடிக்கிறது. நகைச்சுவை நடிகர் வில் ஹே ஒரு ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைவராக வருகிறார், நிறுவனத்தின் பெயர் என்பிஜி, ஆங்கிலக் கொச்சையில் 'உருப்படாதது' என்று அர்த்தம் வருகிற மூன்றெழுத்து. கடைசியில் தெருவுக்குத் தெரு வண்டியில் டெலிவிஷன் காட்டுகிறார்கள், அந்த இடத்தில் படம் கலருக்கு மாறுகிறது. பிபிசி முறையான டெலிவிஷன் சேவையைத் தொடங்கியதே 1936 நவம்பரில்தான்.

இன்றைக்கு ராத்திரிக்கு 1941இன் 'த கிரேட் அமெரிக்கன் பிராட்காஸ்ட்' எடுத்து வைத்திருக்கிறேன். அதிலும் ஆலிஸ் ஃபேதான்.