பண்ணைக்காரர் மனைவி என்றால் சும்மாவா?

கனடாவின் ஆல்பர்ட்டா புல்வெளியில் மாட்டுப்பண்ணை நடத்தியவர் ஐரீன் முர்டாக். புல் அறுப்பார், டிராக்டர் ஓட்டுவார், மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவார், கொம்பு நீக்குவார், சூட்டுக்குறியும் வைப்பார். கணவர் வேறு வேலையாக வருடத்தில் 5 மாதம் வெளியூர். அப்போது மொத்தப் பண்ணையும் இவர் தலையில்தான். இப்படியே 25 வருடம்.

பிரிந்தபோது சொத்தில் பங்கு கேட்டார். எந்தப் பண்ணைக்காரர் மனைவியும் செய்கிற வேலைதானே என்றார் விசாரணை நீதிபதி. 1973-ல் உச்ச நீதிமன்றமும் பங்கு இல்லை என்று கைவிரித்தது. (அவர்கள் ஒருநாள் மாட்டுக்குக் கொம்பு நீக்கிப் பார்த்திருக்க வேண்டும்!) ஐந்து நீதிபதிகளில் போரா லாஸ்கின் மட்டும் ஐரீனுக்குப் பங்கு உண்டு என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். பெண்கள் கொதித்துப் போனார்கள். அப்புறம்தான், 1978-ல், ஆல்பர்ட்டாவில் தம்பதியர் சொத்துக்கென்றே தனிச்சட்டம் வந்தது.