பீபாப் கப்பலுக்கு ஏற்ற கோப்பைகள்

அனிமே காக்டெய்ல் என்று தேடினால் நிறத்தை வைத்துச் செய்தவைதான் வரிசையாக வரும். நாயகனுக்கு நீல முடியா, ப்ளூ கியூரசாவ் ஊற்று. நாயகிக்குச் சிவப்பு முடியா, கிரனடின் ஊற்று. படம் எடுக்க அழகாக இருக்கும், குடித்தால் வெறும் சர்க்கரைப் பாகு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒரு கதாபாத்திரத்தின் பெயரைக் கோப்பைக்கு வைத்துவிட்டால், தொடரைப் பார்த்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் "இது அவன்தான்" என்று சொல்ல வேண்டும். சுவை கதையிலிருந்து வர வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது 'கௌபாய் பீபாப்'. 1998-இல் வந்த ஜப்பானிய அனிமே தொடர், ஷினிச்சிரோ வதனபே இயக்கியது, மொத்தம் 26 பகுதிகள். கதை நடப்பது 2071-இல். காசில்லாத வேட்டைக்காரர்கள் 'பீபாப்' என்ற பழைய மீன்பிடிக் கப்பலில் கோள் கோளாகச் சுற்றி, பரிசுப் பணத்துக்காகக் குற்றவாளிகளைப் பிடிக்கிறார்கள். யோகோ கன்னோவின் இசை இல்லாமல் இந்தத் தொடரை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் 'செஷன்' என்றுதான் பெயர். நண்பர்களைக் கூட்டிவைத்து ஒரு மாலை முழுக்க இதைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். அதற்காகச் சேர்த்தவைதான் இவை.

முதல் கோப்பை அந்த வேட்டைக்காரர்களில் ஒருவனான ஸ்பைக்குக்கு. முதல் செஷனிலேயே அவன் கூட்டாளி ஜெட் சமைத்துவைக்கும் 'குடைமிளகாயும் மாட்டிறைச்சியும்' ஞாபகம் இருக்கும். தட்டில் இறைச்சியே இருக்காது, வெறும் குடைமிளகாய். அவர்களுடைய வறுமை, நட்பு, எரிச்சல் எல்லாம் அந்தத் தட்டில் வந்துவிடும். அதனால் பச்சைக் குடைமிளகாயில் தொடங்கினேன். விரல் நீளத்துக்கு நறுக்கிய நாலைந்து துண்டுகளை ஷேக்கரில் போட்டுச் சாறு விடும்வரை நசுக்க வேண்டும். அதன்மேல் 60 மி.லி. வெள்ளை தெக்கீலா, 30 மி.லி. லைம் சாறு, 15 மி.லி. அகாவே சிரப். ஐஸ் நிரப்பி, ஷேக்கர் கையில் ஒட்டுமளவுக்குக் குளிரும்வரை நன்றாகக் குலுக்கி, சிறு வடிகட்டியில் இரண்டாவது முறையும் வடிகட்டுங்கள். தெக்கீலாவிலேயே ஒரு பச்சைத் தழை வாசனை உண்டு. குடைமிளகாய் அதைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். வழக்கமான மார்கரீட்டாவில் ஆரஞ்சு லிக்கர் சேர்ப்பார்கள். இங்கே அது கிடையாது. இறைச்சி இல்லாத அந்தத் தட்டு போலவே இதிலும் ஒன்று குறைய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

(ஸ்பைக் ஏழாவது செஷனில் தலைவலியோடு கேட்டு வாங்குவது ப்ரெய்ரி ஆய்ஸ்டர். பச்சை முட்டையின் மஞ்சள் கரு, வூஸ்டர்ஷயர் சாஸ், காரச் சாஸ், உப்பு, மிளகு. தொடருக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் அதுதான் சரி. ஆனால் அது மறுநாள் காலைக்கு உரியது, மாலைக்கு அல்ல.)

அதே கப்பலில் வந்து சேரும் ஃபேவுக்கான கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். அவள் 54 வருடம் உறைநிலையில் கிடந்து எழுந்தவள். தான் யாரென்றே தெரியாது, தலைமேல் கடன் மட்டும் இருக்கிறது. பதினெட்டாவது செஷனில் ஒரு பழைய பீட்டா டேப் (வீடியோ நாடா) வந்து சேர்கிறது. அதில் பள்ளிச் சிறுமியாக இருந்த ஃபே, எதிர்காலத்தில் இருக்கும் தன்னையே உற்சாகப்படுத்திக் கத்துகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் ஃபேவுக்கு அது எதுவும் நினைவில் இல்லை. அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதற்குச் சங்குப்பூவை விட்டால் வேறு வழியே தோன்றவில்லை. உலர்ந்த பூ எட்டுப் பத்தை 200 மி.லி. ஜின்னில் போட்டு வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் ஆழ்ந்த நீலம் இறங்கிவிடும். பூவை எடுத்துவிடுங்கள். ஐஸ் நிறைந்த உயரக் கோப்பையில் அந்த ஜின் 45 மி.லி., சர்க்கரை சிரப் 15 மி.லி. விட்டுக் கலக்கி அப்படியே கொடுத்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னக் குடுவையில் 20 மி.லி. எலுமிச்சைச் சாறு. முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். சங்குப்பூவுக்குச் சுவை என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் இனிப்பும் மதுவும் மட்டும்தான் நாக்கில் படும், தட்டையாக இருக்கும். அப்புறம் டேப் ஓடத் தொடங்கும்போது எலுமிச்சையை அவர்களே ஊற்ற வேண்டும். புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாகும், ஓரத்தில் இளஞ்சிவப்பு படரும். அந்த நொடியில் சுவையும் விழித்துக்கொள்ளும். கடைசியில்தான் டானிக். முன்னாலேயே டானிக் விட்டால் அதிலுள்ள சிட்ரிக் அமிலமே நிறத்தை மாற்றிவிடும், ஊற்றுகிறவருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. இங்கேயும் நிறம் வேலை செய்கிறது, உண்மைதான். ஆனால் மாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தனக்குள்ளேயே இருந்த ஒன்று வெளியிலிருந்து வந்த ஒன்றால் திறந்துகொள்வதுதானே அந்தச் செஷன்!

ஜெட்டுக்குப் புகை. வேறு யோசனைக்கே இடமில்லை. ஸ்காட்லாந்தின் ஐலா தீவுப் புகைமண விஸ்கி 60 மி.லி., சர்க்கரை சிரப் ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ் (கசப்புச் சாறு) இரண்டு சொட்டு, அதோடு உப்புக்கரைசல் மூன்று சொட்டு. 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால் போதும். அந்த விஸ்கிக்குப் பார்லியை 'பீட்' எனும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்த புகையில் காய வைக்கிறார்கள். புகையோடு உப்பும் சேரும்போது மீன்பிடிக் கப்பல் வந்துவிடுகிறது. இதைக் குலுக்கக் கூடாது, பெரிய ஐஸ் கட்டியோடு நிதானமாகக் கலக்க வேண்டும். பழச்சாறு இருந்தால் குலுக்கு, வெறும் மது என்றால் கலக்கு என்பது பொது விதி. ஜெட் தன் போன்சாய்க்குக் காட்டும் பொறுமையும் இதற்குப் பொருந்துகிறது. ஓரத்தில் ரோஸ்மேரிக் கொம்பு ஒன்றை நட்டுவைப்பேன்.

கப்பலில் இருக்கும் கணினி ஹேக்கர் எட் ஒரு குழந்தை. அவள் பெயரில் மது கிடையாது, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேஷன் ஃப்ரூட் கூழ், எலுமிச்சை, காரமான ஜிஞ்சர் பியர் (மதுவில்லாத இஞ்சிச் சோடா), அளவு அவரவர் இஷ்டம். அவளுக்கு அளவுக்கோப்பை நீட்டுவது தப்பு. எங்கள் கூட்டத்தில் குடிக்காத நண்பர் ஒருவர் உண்டு. இப்போது மற்றவர்களும் முதலில் கேட்பது அவளுடைய கோப்பையைத்தான்.

பரிமாறும் வரிசையும் முக்கியம். செஷன் எண் வரிசையில் போனால் ஜெட்டின் பத்தாவது செஷன் ஃபேவுக்கு முன்னால் வந்துவிடும். புகை விஸ்கி குடித்த நாக்குக்கு அதன்பிறகு ஜின் தெரியாது. அதனால் 1, 18, 10 என்று போடுகிறேன். இந்த மூன்றும் தனித்தனியே நிற்கும் கதைகள், ஏற்கெனவே பார்த்தவர்களுக்குக் குழப்பம் வராது. முதல் முறை பார்க்கிறவர் இருந்தால் மட்டும் வரிசையை மாற்றாதீர்கள். கோப்பைகளை வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பைக்கின் பழைய காதலி ஜூலியாவுக்கு இதுவரை ஒன்றும் செய்யவில்லை. ரோஜா சிரப் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தொடரில் ரோஜா வருவது சரி, ஆனால் ஸ்பைக்கின் நினைவில் மட்டுமே பெரும்பாலும் வாழும் ஒருத்தியை இனிப்புச் சிரப்பில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்பைக்கின் எதிரியான விசியஸுக்கு ஃபெர்னெட் என்ற இத்தாலிய மூலிகை மதுவின் கறுத்த கசப்பு பொருந்தும் என்று படுகிறது, அதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் நிற்கிறேன். அப்சிந்த் என்ற சோம்பு மணமுள்ள மது ஒரு சொட்டு போட்டால் கூர்மை வருகிறது, ஆனால் மற்றதையெல்லாம் அது விழுங்கிவிடுகிறது. யாராவது முயன்று பார்த்திருந்தால் அளவோடு சொல்லுங்கள்.