மீட்டரில் 12.6 வோல்ட், ஹீட்டரில் தீ இல்லை

ஆர்வி, அதாவது படுக்கை, சமையல் வசதியோடு கூடிய வீட்டு வண்டி, எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற நண்பர்கள், வழியில் கரன்ட் பிரச்சினை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பேச்சு பெரும்பாலும் “பேட்டரி போயிடுச்சு” என்றுதான் தொடங்கும். “எதை ஓட விட்டு அளந்தீங்க?” என்று கேட்பேன். அநேகமாக எல்லோரும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்திருப்பார்கள். அப்படி அளந்தால் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று ஓரளவு தெரியும். அந்தக் கரன்ட் சாமான்வரை ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது தெரியவே தெரியாது.

நாமக்கல்லில் அப்பா லாரிகளுக்கு வயரிங் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பட்டறையில்தான் இருப்பேன். ஹெட்லைட் மங்குகிறது, ஸ்டார்ட்டர் முக்குகிறது என்று எந்த வண்டி வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “கண்ணு, முதல்ல எர்த்தைப் பாரு.” அவர் கையில் எப்போதும் இரண்டு வயர் வைத்த ஒரு பல்பு இருக்கும். பல்பு கரன்ட் இழுக்கும், அதனால் பாதையில் இருக்கிற கோளாறு பல்பின் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் சொந்தமாக ஒரு பழைய ஆர்வி வாங்கிய பிறகு அந்தப் பட்டறைப் பாடம் எனக்கு அடிக்கடி உதவுகிறது. லாரியானாலும் ஆர்வியானாலும் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்ட இரும்பு, வழியாகத்தான். அப்பா எர்த் என்று சொன்னது அந்தத் திரும்பும் வழியைத்தான்.

எங்கள் வண்டி ஃபோர்டு ஈ-450 சேஸிஸில் கட்டியது, ஓட்டுநர் சீட்டுக்கு மேலே படுக்கை உள்ள கிளாஸ் சி ரகம். மிச்சிகனில் ஓடிய வண்டி. அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடிப்பாகம் முழுக்கத் தெறிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். வாங்கும்போதே படிக்கட்டுக்குக் கீழே துரு இருந்தது. பேட்டரிப் பெட்டியும் அதே படிக்கட்டுக்குக் கீழேதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஆர்வியில் இரண்டு தனித்தனி மின்சாரம் இருக்கிறது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் ஃபேன் எல்லாம் 12 வோல்ட் டிசி (நேர் மின்னோட்டம்), வண்டியின் குடியிருக்கும் பகுதிக்கென்று உள்ள பேட்டரியிலிருந்து வருவது. குளிரூட்டும் ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் 120 வோல்ட் மாறு மின்னோட்டம், கேம்ப்கிரவுண்டில் சொருகும்போதோ ஜெனரேட்டர் ஓடும்போதோதான் வரும். இரண்டுக்கும் நடுவில் கன்வெர்ட்டர் இருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும். கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜுக்கும் ஹீட்டருக்கும்கூட உள்ளே இருந்து அவற்றை இயக்கும் மின் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும். சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் குளிரில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

போன நவம்பரில் 395ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, லோன் பைன் ஊருக்குப் பக்கத்தில் அலபாமா ஹில்ஸில் வண்டியை நிறுத்தினோம். மேற்கே விட்னி மலை, 4,421 மீட்டர். அங்கே சொருக பிளக் கிடையாது. இருட்டியதும் வெப்பம் சரசரவென்று இறங்கி உறைநிலைக்குக் கீழே போனது. தெர்மோஸ்டாட்டை ஏற்றினோம். ஹீட்டர் ஃபேன் சுற்றியது, ஆனால் தீ பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது, மறுபடியும் அதே கதை.

இந்த ஹீட்டர்களில் ஃபேன் முதலில் ஓடும். அந்தக் காற்று ஒரு சின்னத் தகட்டைத் தள்ளி ஸ்விட்சை மூடினால்தான் கேஸ் வால்வு திறக்கும், பொறி விழும். வோல்டேஜ் குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், தகடு போதுமான அளவு நகராது, போர்டு கேஸைத் திறக்காது. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஃபேன் ஓடியும் தீ வரவில்லை என்றால் நான் முதலில் வோல்டேஜைத்தான் சந்தேகப்படுவேன்.

கணவர் பேட்டரியில் மீட்டர் வைத்தார். 12.6. லெட்-ஆசிட் பேட்டரிக்கு அது ஏறக்குறைய முழு சார்ஜ். அப்புறம் எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தார். உடனே ஹீட்டர் பிடித்துக்கொண்டது. “பேட்டரிதான். லோடு தாங்கலை. காலையில பிஷப் போய்ப் புதுசு வாங்கிடலாம்” என்றார். பிஷப் வடக்கே சுமார் 100 கிலோமீட்டர், நாங்கள் வந்த வழியிலேயே திரும்பவேண்டும். எனக்கு மனது ஒப்பவில்லை. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் கொடுக்கும். பாதையில் 2 வோல்ட் தொலைந்தாலும் 12 மிச்சம் இருக்கும், ஹீட்டர் எரியும். அதை வைத்துப் பேட்டரி மோசம் என்று சொல்ல முடியாது.

“ஏனுங்க, எஞ்சினை நிறுத்துங்க. ஃபேன் மட்டும் ஓடட்டும், அப்ப அளக்கலாம்” என்றேன்.

ஃபேன் ஓடும்போது பேட்டரி முனைகளில் 12.4 இருந்தது. பேட்டரிமேல் இருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. ஹீட்டரின் வெளிமூடியைக் கழற்றி அதன் வயர்களில் அளந்தால் 10.3. நடுவில் 2.1 வோல்ட் காணவில்லை. எங்கே போனது?

இதற்குத்தான் இருபுறமும் கிளிப் போட்ட நீளமான ஒரு வயர் வைத்திருக்கிறேன். மீட்டரின் ஒரு முனையை அந்த வயர் மூலம் பேட்டரி பாசிட்டிவில் கவ்வ விட்டு, மறுமுனையை ஹீட்டரின் பாசிட்டிவில் வைத்தேன். 0.4. அத்தனை தூரத்துக்கு அது ஏற்கக்கூடியதுதான். அடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து ஹீட்டரின் நெகட்டிவுக்கு. 1.7! கோளாறு திரும்பி வரும் வழியில். எல்லோரும் ஃபியூஸ், ஸ்விட்ச், பாசிட்டிவ் வயர் என்று தேடுவார்கள், திரும்பும் வழியை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்புறம் ஒவ்வோர் இணைப்பாகத் தாண்டினேன். நெகட்டிவ் முனைக்கும், கேபிளின் மறுநுனியில் சேஸிஸோடு போல்ட் போட்டிருக்கும் லக் என்ற உலோக வளையத்துக்கும் இடையே ஒன்றுமே இல்லை. லக்குக்கும், அரை அடி தள்ளி சேஸிஸில் சுரண்டிப் பளபளப்பாக்கிய ஓர் இடத்துக்கும் இடையே 1.6. ஆக லக்கும் இரும்பும் சேரும் அந்த ஒரு போல்ட்தான். ஹீட்டரும் ஓரிரு விளக்குகளும் சேர்ந்து 7, 8 ஆம்பியர் இழுக்கும். 1.6 வோல்ட்டை 8 ஆம்பியரால் பெருக்கினால் 13 வாட்டுக்குப் பக்கம். அத்தனையும் அந்த மூட்டிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் போல்ட் கைக்கு இளஞ்சூடாக இருந்தது.

எல்லாம் அணைத்திருந்தபோது இது ஏன் மீட்டரில் தெரியவில்லை என்றால், ஓடுகிற கரன்ட்டை மூட்டின் தடையால் பெருக்கினால் வருவதுதான் தொலைகிற வோல்டேஜ். கரன்ட் ஓடாதபோது தொலையவும் ஒன்றும் இருக்காது. மீட்டரை ஓம் பக்கம் திருப்பியும் பயனில்லை. அந்த மூட்டின் தடை வெறும் 0.2 ஓம், சாதாரண மீட்டரின் வயர்களே அவ்வளவு காட்டும்.

கேஸை மூடி, எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டுத்தான் போல்ட்டில் ஸ்பானர் வைத்தேன். லெட்-ஆசிட் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கலாம், பொறி பறக்கக் கூடாது. லக்கின் அடியில் பச்சை பூத்திருந்தது, சேஸிஸ் பக்கம் துருப் பொருக்கு. கணவர் டார்ச் பிடிக்க, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் வெறும் உலோகம் மின்னும்வரை தேய்த்தேன். பல் வைத்த புது வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினேன். வாஸ்லினை இறுக்கிய பிறகுதான் பூசவேண்டும், நடுவில் அல்ல. மறுபடி அளந்தபோது ஹீட்டரில் 12 வோல்ட். ஃபேனின் சத்தமே மாறியிருந்தது. சில நொடிகளில் தீ பிடித்தது. பிஷப் போகவில்லை, அடுத்த நாள் நேரே டெத் வேலிக்கு இறங்கினோம்.

120 வோல்ட் பக்கம் இப்படித் துணிந்து கை வைக்காதீர்கள். அங்கே நாம் செய்யவேண்டியது சொருகும் முன் பார்ப்பது மட்டும்தான். கேம்ப்கிரவுண்டில் வண்டிக்குக் கரன்ட் கொடுக்கும் கம்பத்தில் பிரேக்கரை அணைத்துவிட்டு, அதன் அவுட்லெட்டில் டெஸ்டரைச் சொருகி, பிரேக்கரைப் போட்டுப் பாருங்கள். கிரவுண்ட் (எர்த்) இல்லையென்றாலும், ஹாட்டும் (கரன்ட் வரும் வயர்) நியூட்ரலும் (திரும்பும் வயர்) மாறியிருந்தாலும் காட்டிவிடும். வண்டியின் கதவைத் தொட்டால் சுருக்கென்றால், லேசாகத்தானே இருக்கிறது என்று விடாதீர்கள். வண்டியின் உடம்பிலேயே கரன்ட் இருக்கிறது என்று அர்த்தம், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. உடனே பிரேக்கரை அணைத்துப் பிளக்கை உருவுங்கள்.

வெயில் காலத்தில் மத்தியானம் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். அரிசோனாவில் ஓரிடத்தில் காலையில் 119 இருந்தது, மூன்று மணிக்கு 106. குறைந்த வோல்டேஜில் ஏசி கம்ப்ரஸர் அதிகக் கரன்ட் இழுத்துச் சூடாகும். சுமார் 104க்குக் கீழே போனால் தானே துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டியை நாங்கள் எப்போதும் கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் போடுகிறோம். கம்ப்ரஸர் மாற்றுகிற செலவோடு பார்த்தால் அதன் விலை சிறிது.

இன்னொன்று, வீட்டிலேயே 30 ஆம்ப் ஆர்வி பிளக் போட எலெக்ட்ரீஷியனை அழைப்பவர்களுக்கு. அது 120 வோல்ட் என்று வாயால் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். துணி உலர்த்தும் மெஷினின் 30 ஆம்ப் பிளக் போலவே தோன்றுவதால், சிலர் அதற்கு 240 கொடுத்துவிடுகிறார்கள். என் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. சொருகிய சில நொடிகளில் கன்வெர்ட்டரும் மைக்ரோவேவும் போயின. வேலை முடிந்ததும், வண்டியைச் சொருகும் முன் நீங்களே ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 பக்கம் வரவேண்டும். 240 காட்டினால் பிரேக்கரை அணைத்துவிட்டு அவரையே திரும்பக் கூப்பிடுங்கள்.