நிலவின் பிறைக்குப் பாடம் தேடி அலைந்த கதை

பிறை ஏன் வருகிறது என்று வகுப்பில் கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள், பதிலும் ஒரே பதில்தான்: பூமியின் நிழல் நிலவின் மேல் விழுகிறது. அது தப்பு, நிலவில் வெயில் படுகிற பாதியை நாம் வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்ப்பதால்தான் பிறை வருகிறது. இதில் என்ன கொடுமை என்றால், இது பாடம் நடத்துவதற்கு முன்னால் கேட்டதில்லை, நடத்தி முடித்து ஒரு வாரம் கழித்துக் கேட்டது.

சரி, புத்தகத்தைத் தாண்டி ஏதாவது வேண்டும் என்று தேட உட்கார்ந்தேன். வானியல் பாடம், விண்வெளி செயல்பாடு என்று தேடினால் மலை மாதிரி வந்து கொட்டுகிறது. நாசாவில் மட்டுமே ஒரு மாதம் உட்கார்ந்து படிக்கலாம். முதல் இரண்டு வாரமும் நான் செய்தது வெறும் தரவிறக்கம்தான், அதில் முக்கால்வாசியை இன்று வரை திறந்துகூடப் பார்க்கவில்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களைத் திரையில் காட்டினேன், பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அவ்வளவுதான். நிழல் பதில் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம்தான் தேடுகிற விதத்தை மாற்றினேன். பாடத்தின் பெயரைப் போட்டுத் தேடாமல், பிள்ளைகள் சொன்ன தப்பான பதிலையே போட்டுத் தேடினேன். உலகம் முழுக்க மாணவர்கள் இதே நிழல் பதிலைத்தான் சொல்கிறார்களாம், அதை உடைக்கவென்றே செயல்பாடுகள் எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் ஆஸ்ட்ரோஎடு என்ற இணையதளம் அப்படித்தான் கண்ணில் பட்டது. அங்கே ஒரு செயல்பாடு வெளியாகும் முன் ஓர் ஆசிரியரும் ஒரு வானியலாளரும் சரிபார்க்கிறார்கள். எந்த வயதுக்கு, எவ்வளவு நேரம், என்னென்ன பொருள் என்று மேலேயே போட்டிருக்கும். எனக்கு இருப்பது 40 நிமிடம், அதில் வருகைப்பதிவுக்கே 5 போய்விடும். அதனால் நேரத்தையும் பொருளையும்தான் முதலில் பார்ப்பேன், நோக்கங்கள் பத்தியைப் படிப்பதே இல்லை.

பந்தும் பல்பும் வைத்துச் செய்கிற செயல்பாடு பலருக்குத் தெரிந்திருக்கும். அறையை இருட்டாக்கி நடுவில் ஒரு பல்பு, அது சூரியன். பிள்ளையின் தலை பூமி. பென்சிலில் குத்திய வெள்ளைப் பந்து நிலா, அதைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். நான் எடுத்த குறிப்பில் இவ்வளவுதான் இருந்தது. பல்புக்கு முதுகு காட்டி முழுநிலவு வரவேண்டிய இடத்துக்கு வந்தார்கள், அவரவர் தலை நிழல் சரியாகப் பந்தின் மேல் விழுந்தது. "சார், நிழல்தானே சார் விழுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எதை உடைக்கப் போனேனோ அதற்கே சாட்சி சொல்லிக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

வேறு இரண்டு மூன்று குறிப்புகளைத் தேடிப் படித்த பிறகுதான், அதில் ஒன்றில் ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது: முழுநிலவின்போது பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவும். நிலவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான மாதங்களில் அது பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. மாதா மாதம் கிரகணம் வராததும் அதனால்தான்.

5 டிகிரி போதுமா என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி, எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் கூடைப்பந்தைப் பூமியாகவும் டென்னிஸ் பந்தை நிலவாகவும் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனோம். எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்றால் எல்லாரும் ஒரு மீட்டருக்குள்ளேயே வைக்கிறார்கள், புத்தகப் படம் செய்த வேலை. உண்மையில் நிலவின் தூரம் 3,84,400 கி.மீ., பூமியின் விட்டத்தைப் போல 30 மடங்கு. 24 செ.மீ. கூடைப்பந்துக்கு ஏழு மீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்தத் தூரத்தில் 5 டிகிரி என்றால் 60 செ.மீ.க்கும் கூடுதல், பந்தோ 24 செ.மீ.தான், நிழல் அதைவிடவும் குறுகியது. கேட்டவளே அளவுகோல் வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

இடையில் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளையும் பழகிக்கொண்டேன், எந்த நாளில் வானம் எப்படி இருக்கும் என்று காட்டும், இலவசம், கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நான் அதை வகுப்பில் காட்டுவதைவிட, எந்த நாளில் பள்ளி நேரத்தில் நிலா தெரியும் என்று பார்த்துவைக்கத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். முழுநிலவு முடிந்து நாலைந்து நாள் கழித்துக் காலையில் மேற்கே நிலா இருக்கும். அப்படி ஒரு காலையில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, அதே வெள்ளைப் பந்தை நிலவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். வானத்து நிலவில் எந்தப் பக்கம், எவ்வளவு வெளிச்சமோ, பந்திலும் அதே பக்கம், அதே அளவு. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை, அப்புறம் ஒருவன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க நிழல் எதுவும் விழலையே சார்" என்றான்.